பாடம் 6: சிக்காகோ புறநகரில் முதலாவது கோடை – வானிலை அறிவித்தலை விளங்கி நேரத்துக்குச் செயற்படல்

இப்பாடத்தை முடிக்கும்போது நீங்கள்:

• பரனைட் அளவில் சொல்லப்படும் வெப்பநிலையைச் செல்சியஸில் விளங்கிக்கொள்வீர்கள்.
• ஒரு நாளுக்கான வானிலை எதிர்வுகூறலைக் கேட்டு, அன்றைய வேலைகளைத் திட்டமிடுவீர்கள்.
• 'வோச்', 'வோர்னிங்' ஆகிய இரண்டு சொற்களின் வேறுபாட்டை அறிவீர்கள்.
• கடும் வெப்பத்தின்போதும் சுழல்காற்றின்போதும் குடும்பத்தினர் எங்கே இருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பீர்கள்.

அறிமுகம்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்குப் புறப்பட ஆயத்தமாகும் குடும்பங்கள் எங்களிடம் அதிகம் கேட்பது குளிரைப் பற்றித்தான். எந்த ஜக்கெற் வாங்குவது, பனியில் எப்படி நடப்பது என்று பல கேள்விகள் வரும். கோடையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. "வெயில் எங்களுக்குப் பழக்கம்தானே" என்ற எண்ணம் எல்லோரிடமும் இருக்கின்றது.

இந்த எண்ணத்தைச் சற்று மாற்றிக்கொள்வது நல்லது. அங்குள்ள கோடையில் இருவகை ஆபத்துகள் உள்ளன. ஒன்று கடும் வெப்பம். அது ஓசையின்றி வரும். பல நாட்களுக்கு முன்பே அதை எதிர்வுகூற முடியும். மற்றையது இடிமழையோடு வரும் சுழல்காற்று. அது பெரும் சத்தத்தோடு வரும். ஆயத்தமாகச் சில நிமிடங்களே கிடைக்கும். முதலாவதற்கு எதிர்வுகூறலைத் தினமும் பார்க்கும் பழக்கம் வேண்டும். இரண்டாவதற்கு எங்கே ஓடுவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இப்பாடம் இந்த இரண்டையும் பற்றியது.

இங்கே சிக்காகோ நகருக்கு மேற்கே சுமார் 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நேப்பர்வில் எனும் புறநகரை உதாரணமாக எடுத்துள்ளோம். அருகிலுள்ள அரோரா, வீற்றன், ஜோலியற் போன்ற இடங்களுக்குச் செல்வோருக்கும் இப்பாடம் பொருந்தும்.

1. கோடை எப்போது, எப்படி இருக்கும்?

யூன், யூலை, ஓகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களும் கோடைகாலம். யூன் மாதக் கடைசியில் பகற்பொழுது 15 மணித்தியாலத்துக்கும் சற்று அதிகமாக இருக்கும். காலை ஐந்தேகாலுக்கே சூரியன் உதித்து, இரவு எட்டரை மணியளவில்தான் மறையும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும் எங்கள் நாட்டிலிருந்து செல்வோருக்கு இது புதுமையாக இருக்கும். வெளிச்சம் இருக்கின்றதே என்று பிள்ளைகளை விளையாடவிட்டால் நித்திரை நேரம் தவறிவிடும். ஆகவே மணிக்கூட்டைப் பார்த்தே நாளை ஒழுங்கு செய்யுங்கள்.

யூலையில் சராசரியாகப் பகல் வெப்பநிலை 29 பாகை செல்சியஸ் அளவிலும் இரவில் 18 பாகை அளவிலும் இருக்கும். இதைக் கேட்டால் நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட இதமான காலநிலை போலத் தோன்றும். பெரும்பாலான நாட்கள் உண்மையிலேயே இதமானவைதான். ஆனால் சராசரி எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஒரு வாரம் 24 பாகையில் இருந்துவிட்டு, அடுத்த வாரம் 36 பாகைக்கு ஏறலாம். தெற்கிலிருந்து வீசும் காற்று மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும்போது வெக்கை கூடும். வடமேற்கிலிருந்து குளிர்காற்று புகும்போது சில மணித்தியாலத்துக்குள் பத்துப் பாகை குறையலாம். இந்த இரண்டு காற்றுகளும் சந்திக்கும் இடத்தில்தான் பலத்த இடிமழை உருவாகின்றது.

தொலைக்காட்சியில் 'கூலர் நியர் த லேக்' என்ற சொற்றொடரை அடிக்கடி கேட்பீர்கள். ஏரிக்கரையில் குளிர்ச்சியாக இருக்கும் என்பது இதன் பொருள். மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று சிக்காகோவின் கரையோரத்தைக் குளிர்விக்கும். நேப்பர்வில் ஏரியிலிருந்து தொலைவில் இருப்பதால், அந்தக் குளிர்ச்சி பல நாட்களில் அங்கு வந்து சேர்வதில்லை. சிக்காகோ நகருக்குச் சொல்லும் வெப்பநிலையை அப்படியே உங்கள் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. பரனைட்டை விளங்கிக்கொள்ளுதல்

அமெரிக்காவில் வெப்பநிலையைப் பரனைட் அளவில்தான் சொல்வார்கள். வானிலை அறிவித்தல், அடுப்பு, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி எல்லாமே அப்படித்தான். பின்வரும் அளவுகளை மனதில் வைத்திருந்தால் போதும்:

• 50 பரனைட் = 10 செல்சியஸ் (குளிர்; மேலங்கி வேண்டும்)
• 68 பரனைட் = 20 செல்சியஸ் (இதமான காலை)
• 77 பரனைட் = 25 செல்சியஸ்
• 86 பரனைட் = 30 செல்சியஸ் (எங்கள் ஊரின் வழமையான பகல்)
• 95 பரனைட் = 35 செல்சியஸ் (கவனம் தேவை)
• 104 பரனைட் = 40 செல்சியஸ் (மிக ஆபத்து)

விரைவாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. பரனைட் எண்ணிலிருந்து 30ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்குங்கள். 90 என்றால், 90 – 30 = 60; அதன் பாதி 30. சரியான விடை 32. சிறிய வித்தியாசம் இருந்தாலும் என்ன உடுப்பு போடுவது என்று தீர்மானிக்க இது போதும். பிள்ளையின் காய்ச்சலுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்த வேண்டாம். 98.6 பரனைட் என்பது 37 செல்சியஸ், 100.4 பரனைட் என்பது 38 செல்சியஸ், அதாவது காய்ச்சல்.

3. வெப்பநிலை மட்டும் போதாது: 'ஹீட் இன்டெக்ஸ்'

கோடை எதிர்வுகூறலில் வெப்பநிலையோடு இன்னோர் எண்ணும் வரும். அதை 'ஹீட் இன்டெக்ஸ்' என்பார்கள். காற்றிலுள்ள ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிட்டு, நிழலில் நிற்கும் உடலுக்கு எவ்வளவு வெக்கை தெரியும் என்பதை அது காட்டுகின்றது. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கின்றது. ஈரப்பதன் கூடினால் வியர்வை உலராது. வெப்பநிலை 90 பரனைட்டாகவும் ஈரப்பதன் 50 வீதமாகவும் இருந்தால் உடலுக்கு 95 போல இருக்கும். அதே 90 பரனைட்டில் ஈரப்பதன் 70 வீதமானால் 105 போல இருக்கும். நேரடி வெயிலில் நின்றால் இதைவிடவும் அதிகமாகத் தெரியும்.

கடலே இல்லாத இடத்தில் இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகின்றது? வளைகுடாக் காற்று ஒரு காரணம். மற்றையது சோளம். இலினோய், அயோவா மாநிலங்களில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோளவயல்கள். வளர்ந்த சோளம் ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 11,000 லீற்றருக்கும் அதிகமான நீரை ஆவியாகக் காற்றில் விடுகின்றது. அங்குள்ள மக்கள் இதைச் 'சோளத்தின் வியர்வை' என்ற பொருளில் 'கோர்ன் ஸ்வெட்' என்று அழைப்பார்கள். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வானிலை அறிவிப்பாளர் இதைச் சொன்னால் வியப்படைய வேண்டாம்.

4. வெயில் பழகியவர்களுக்கும் ஏன் ஆபத்து?

1995 யூலை நடுப்பகுதியில் சிக்காகோவைக் கடும் வெப்ப அலை தாக்கியது. யூலை 13ஆம் திகதி நகரின் மிட்வே விமான நிலையத்தில் 106 பரனைட், அதாவது 41 செல்சியஸ் பதிவானது. சில நாட்களுக்குள் 700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். பலர் மேல்மாடி அறைகளில் தனியாக வாழ்ந்தவர்கள், குளிரூட்டி இல்லாதவர்கள், திருட்டுப் பயத்தால் யன்னல்களைப் பூட்டி வைத்திருந்தவர்கள்.

சமூகவியலாளர் எரிக் கிளைனன்பேர்க் இந்த மரணங்களை ஆராய்ந்தார். அருகருகே இருந்த இரண்டு வறிய பகுதிகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றில் கடைகள் மூடப்பட்டு, தெருக்கள் வெறிச்சோடி, முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்தனர். மற்றையது மெக்சிக்கோவிலிருந்து வந்த குடியேறிகள் அதிகம் வாழும் பகுதி. அங்கே கடைகளிலும் தெருவிலும் சனநடமாட்டம் இருந்தது. முதியவர்களும் வெளியே வந்து போனார்கள். அந்தப் பகுதியில் மரணங்கள் மிகக் குறைவு. அயலவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடத்தில் வெப்பத்தாலும் குறைவானவர்களே இறக்கின்றார்கள். புதிதாகச் செல்லும் எங்கள் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை.

வெயிலுக்குப் பழகியவர்கள் கவனிக்கவேண்டிய காரணங்கள்:

• உடலின் பழக்கம் நிலைத்து நிற்பதில்லை. குளிரான இடத்தில் சில வாரங்கள் இருந்தாலே வெப்பத்தைத் தாங்கும் திறன் குறைந்துவிடும். ஒரு மாரியைக் கழித்தபின் உங்கள் உடலும் அந்த ஊர்க்காரரின் உடலைப் போன்றதுதான்.
• வீடுகள் வேறுவிதமானவை. ஓட்டுக்கூரை, திண்ணை, முற்றத்து வேப்பமரம் என்று எங்கள் வீடுகள் வெக்கையை வெளியே விடும். அங்குள்ள வீடுகள் மாரியில் சூட்டை உள்ளே பிடித்துவைக்கக் கட்டப்பட்டவை. தொடர்மாடியின் மேற்தளம் கோடையில் அடுப்புப்போல ஆகிவிடும்.
• மின்விசிறி மட்டும் போதாது. அறைக்குள் 90 பரனைட்டுக்கு மேல் போனால், விசிறி சூடான காற்றைத்தான் உடலில் வீசும்.
• முதியவர்கள் தாகத்தை உணர்வது குறைவு. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்போர், கோடையில் தண்ணீரையும் மருந்தையும் எப்படி எடுப்பதென்று வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

என்ன செய்யவேண்டும்?

குளிரூட்டி இருந்தால் பாவியுங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் வெக்கையில் வைத்திருக்க வேண்டாம். வருமானம் குறைந்த குடும்பங்களின் மின், எரிவாயுக் கட்டணத்துக்கு உதவும் 'லைஹீப்' எனும் அரசாங்கத் திட்டம் உள்ளது. உங்கள் குடும்பம் அதற்குத் தகுதியுடையதா என்று மீள்குடியேற்ற உத்தியோகத்தரிடம் கேளுங்கள். குளிரூட்டி இல்லாவிட்டால் பகலில் சில மணித்தியாலங்களைப் பொது நூலகத்தில் கழியுங்கள். அங்கு குளிரூட்டி உண்டு; கட்டணம் இல்லை; ஏன் வந்தீர்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள். பகலில் வெயில் விழும் பக்கத்து யன்னல்களுக்குத் திரை போடுங்கள். சமையலைக் காலையிலேயே முடியுங்கள்.

வாகனத்துக்குள் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். நிறுத்திய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 20 பரனைட் ஏறிவிடும். யன்னலைச் சிறிது திறந்து வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. இது உயிராபத்து. சட்டப்படியும் குற்றமாகலாம்.

ஒருவருக்கு உடல் கொதித்து, பேச்சுக் குழம்பி, தடுமாற்றமோ மயக்கமோ வந்தால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்'. உடனே 911க்கு அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். 'டமில்' என்று உங்கள் மொழியின் பெயரைச் சொல்லுங்கள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி பெரும்பாலான நிலையங்களில் உண்டு. முகவரியை ஆங்கிலத்தில் சொல்ல மட்டும் முன்பே பழகி வையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, ஈரத்துணியால் உடலைக் குளிர்வியுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் பருக்க வேண்டாம்.

5. ஒரு நாளின் எதிர்வுகூறலை வாசிப்போம்

வானிலை எதிர்வுகூறலை வெளியிடுவது 'நஷனல் வெதர் சேர்விஸ்' எனும் அரச நிறுவனம். எங்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தைப் போன்றது. நேப்பர்வில்லுக்கான அலுவலகம் அருகிலுள்ள ரோமியோவில் நகரில் இருக்கின்றது. அதன் இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டு எண்ணை இட்டால் ஏழு நாட்களுக்கான எதிர்வுகூறல் இலவசமாகக் கிடைக்கும். யூலை மாதத்து நாள் ஒன்றுக்கு இப்படி ஓர் அறிவித்தல் வரலாம் (இது பயிற்சிக்காக நாங்கள் அமைத்த உதாரணம்):

"டியூஸ்டே: பார்ட்லி சன்னி, வித் எ ஹை நியர் 92. ஹீட் இன்டெக்ஸ் வல்யூஸ் அஸ் ஹை அஸ் 103. சவுத்வெஸ்ட் விண்ட் 10 டு 15 மைல்ஸ் பெர் அவர். 40 பெர்சன்ட் சான்ஸ் ஒப் தண்டர்ஸ்டோம்ஸ் ஆஃப்டர் 4 பி.எம். சம் ஸ்டோம்ஸ் குட் பி சிவியர்."

இனி ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்போம்.

'ஹை நியர் 92' – அன்றைய உச்ச வெப்பநிலை 92 பரனைட் அளவில் இருக்கும். ஏறத்தாழ 33 செல்சியஸ். இந்த உச்சம் பெரும்பாலும் பிற்பகல் மூன்று, நான்கு மணியளவில் வரும்.

'ஹீட் இன்டெக்ஸ் 103' – உடலுக்கு 39 செல்சியஸ் போலத் தெரியும். வெளிவேலை, நடந்து கடைக்குப் போவது, பிள்ளைகளின் விளையாட்டு ஆகியவற்றைக் காலை பத்து மணிக்கு முன் முடிப்பது நல்லது.

'சவுத்வெஸ்ட் விண்ட்' – தென்மேற்கிலிருந்து வரும் காற்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று எங்கள் கடற்தொழிலாளர்கள் காற்றை அது வரும் திசையால் அழைப்பதுபோலவே அங்கும் அழைக்கின்றார்கள். 15 மைல் என்றால் மணிக்கு 24 கிலோமீற்றர். கோடையில் தெற்குக் காற்று என்றால் வெக்கையும் ஈரமும் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

'40 பெர்சன்ட் சான்ஸ்' – நீங்கள் இருக்கும் இடத்தில் மழை பெய்ய பத்துக்கு நான்கு வாய்ப்பு உண்டு என்பது பொருள். நாளின் 40 வீத நேரம் மழை பெய்யும் என்பதல்ல. கோடை இடிமழை ஓர் ஊரை நனைத்துவிட்டுப் பக்கத்து ஊரைத் தொடாமலே போகும். அதனால்தான் இப்படிச் சொல்கின்றார்கள்.

'சம் ஸ்டோம்ஸ் குட் பி சிவியர்' – இந்த அறிவித்தலில் மிகவும் கவனிக்க வேண்டிய வரி இதுதான். 'சிவியர்' என்றால் மணிக்கு 93 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்றோ, ஓர் அங்குலம் அல்லது அதைவிடப் பெரிய ஆலங்கட்டியோ வரக்கூடிய புயல். மாலை நான்கு மணிக்குப் பின் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், நீங்கள் எதில் வீடு திரும்புவீர்கள் என்று காலையிலேயே யோசியுங்கள். கைத்தொலைபேசியை மின்னேற்றி வையுங்கள்.

6. உயிரைக் காக்கும் இரண்டு சொற்கள்

'வோச்' என்றால் ஆபத்து வரக்கூடிய நிலைமை உள்ளது, ஆயத்தமாக இருங்கள். பல கவுண்டிகளுக்கு, பல மணித்தியாலங்களுக்கு இது அறிவிக்கப்படும். வேலைக்குப் போகலாம், சமைக்கலாம். ஆனால் வானத்தையும் தொலைபேசியையும் கவனித்தபடி இருக்கவேண்டும்.

'வோர்னிங்' என்றால் ஆபத்து வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருக்கின்றது, இப்போதே செயற்படுங்கள். சுழல்காற்று வோர்னிங் சிறிய பகுதிக்கு, பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்துக்கு அறிவிக்கப்படும். உங்கள் இடம் அதில் அடங்கினால் யோசிக்க நேரமில்லை.

கவுண்டி என்பது எங்கள் மாவட்டத்தைப் போன்றது. எச்சரிக்கைகளில் கவுண்டியின் பெயர்தான் முதலில் வரும். நேப்பர்வில் நகரம் டுபேஜ், வில் ஆகிய இரண்டு கவுண்டிகளில் பரந்துள்ளது. அரோரா நான்கு கவுண்டிகளில் விரிந்து கிடக்கின்றது. ஆகவே ஊரின் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் போதாது. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே "எங்கள் வீடு எந்தக் கவுண்டியில் இருக்கின்றது?" என்று கேட்டு எழுதி வையுங்கள்.

சுழல்காற்று வோர்னிங் வந்தால் அந்தப் பகுதியிலுள்ள கைத்தொலைபேசிகள் தாமாகவே பெரும் சத்தத்துடன் அலறும். எந்தச் செயலியும் தேவையில்லை. தொலைபேசியின் அமைப்பில் அவசர எச்சரிக்கைகள் நிறுத்தப்படாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஆனால் கடும் வெப்பத்துக்குத் தேசிய வானிலைச் சேவையின் இந்த அலறல் எச்சரிக்கை வருவதில்லை. 'ஹீட் அட்வைசரி', 'எக்ஸ்ட்ரீம் ஹீட் வோர்னிங்' போன்றவற்றை நீங்களாகத்தான் பார்க்கவேண்டும். காலையில் தேநீர் குடிக்கும்போது எதிர்வுகூறலையும் ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

7. சுழல்காற்று வந்தால் எங்கே போவது?

'டொர்னாடோ' என்பதை எங்கள் ஊரில் சொல்லும் 'மினி சூறாவளி' என்று எண்ண வேண்டாம். வங்கக்கடலில் உருவாகும் சூறாவளியை நாட்கணக்கில் பின்தொடர்ந்து அறிவிப்பார்கள். பாடசாலைக்கோ கோயிலுக்கோ இடம்பெயர நேரம் இருக்கும். டொர்னாடோ இடிமுகிலிலிருந்து நிலத்தைத் தொடும் ஒடுங்கிய சுழல். சில நிமிடங்களில் ஒரு தெருவை அழித்துவிட்டு அடுத்த தெருவைத் தொடாமல் போகும். அதிலிருந்து வாகனத்தில் ஓடித் தப்ப முயல்வது பெரும்பாலும் ஆபத்தானது. இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவேண்டும்.

1990 ஓகஸ்ட் 28ஆம் திகதி பிற்பகல், நேப்பர்வில்லுக்குத் தெற்கேயுள்ள பிளெயின்பீல்ட் நகரை மிகக் கடுமையான டொர்னாடோ தாக்கியது. 29 பேர் உயிரிழந்தனர். அது வருமுன் எச்சரிக்கை கிடைக்கவில்லை, சைரனும் ஒலிக்கவில்லை. 2021 யூன் 20ஆம் திகதி இரவு பதினொரு மணியளவில் நேப்பர்வில், வூட்றிட்ஜ் பகுதிகளை இன்னொரு டொர்னாடோ தாக்கியது. நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன, சிலர் காயமடைந்தனர். ஆனால் இம்முறை முன்கூட்டியே வோர்னிங் வந்தது. தொலைபேசிகள் அலறின. சனங்கள் நித்திரையிலிருந்து எழுந்து நிலக்கீழ் அறைகளுக்கு இறங்கினார்கள். அலறலைக் கேட்டதும் என்ன செய்வதென்று தெரிந்திருந்தால் சில நிமிடங்களும் போதும்.

• நிலக்கீழ் அறை இருந்தால் அங்கே இறங்குங்கள். அதை 'பேஸ்மென்ற்' என்பார்கள்.
• இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில், வீட்டின் நடுவில், யன்னல் இல்லாத இடத்துக்குப் போங்கள். குளியலறை, படிக்கட்டின் கீழ், உட்புற நடைபாதை ஆகியவை ஏற்றவை.
• தொடர்மாடியில் மேற்தளத்தில் இருந்தால் படிக்கட்டால் இறங்குங்கள். லிப்ட் வேண்டாம்.
• தரையில் குனிந்து தலையையும் கழுத்தையும் மூடுங்கள். பிள்ளைகளின் சைக்கிள் தலைக்கவசம் இருந்தால் அணிவியுங்கள்.
• சப்பாத்து அணியுங்கள். காற்று போனபின் தரையெங்கும் கண்ணாடித் துண்டுகள் கிடக்கும்.
• யன்னலைத் திறக்க நேரம் செலவிட வேண்டாம், அதனால் பயனில்லை. படம் எடுக்க வெளியே போக வேண்டாம். பாலத்தின் கீழ் ஒதுங்க வேண்டாம்.

8. சைரன் ஒலியும் எங்கள் நினைவுகளும்

இலினோய் மாநிலத்தில் ஒவ்வொரு மாதமும் முதலாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எச்சரிக்கை சைரன்களைப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். வானம் தெளிவாக இருக்கும்; அயலவர்கள் தம்பாட்டில் நடந்து போவார்கள். ஊர் முழுவதும் சைரன் ஊளையிடும்.

விமானக் குண்டுவீச்சையும் எறிகணையையும் அனுபவித்த எமது மக்களுக்கு இந்த ஒலி வேறொன்றை நினைவூட்டலாம். பங்கருக்குள் பிள்ளைகளோடு பதுங்கியிருந்த தாய்மார் இதைக் கேட்டு நடுங்கினால் அது பலவீனமல்ல. உடல் மறக்கவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே வீட்டிலுள்ள எல்லோருக்கும், குறிப்பாக முதியவர்களுக்கும் பகலில் வீட்டில் தனித்திருப்பவர்களுக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாட்காட்டியில் அந்தச் செவ்வாய்க்கிழமைகளைக் குறித்து வையுங்கள். முதல் தடவை வீட்டில் ஒருவர் அவர்களோடு கூட இருப்பது நல்லது. நடுக்கமோ நித்திரையின்மையோ நாட்கணக்கில் தொடர்ந்தால் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். உளநல ஆலோசனைக்கு அவர் ஒழுங்கு செய்வார்.

மற்றைய நேரங்களில் சைரன் ஒலித்தால் அது உண்மையான எச்சரிக்கை. வெளியே நிற்பவர்களை உள்ளே போகச் சொல்வதற்கே அது அமைக்கப்பட்டது. குளிரூட்டி ஓடும் அறையில் நித்திரை கொள்பவருக்கு அது கேட்காமலும் போகலாம். அதனால் இரவில் கைத்தொலைபேசியை ஒலியுடன் அருகில் வையுங்கள். சைரன் நின்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளல்ல. வோர்னிங் முடியும் நேரத்தைத் தொலைபேசியிலோ தொலைக்காட்சியிலோ பார்த்தபின்பே வெளியே வாருங்கள்.

9. மேலும் சில விடயங்கள்

மின்னல்: இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரவேண்டாம். மரத்தின் கீழ் ஒதுங்குவது அங்கும் ஆபத்துத்தான்.

வெள்ளம்: 1996 யூலையில் அரோராவில் 24 மணித்தியாலத்துக்குள் சுமார் 17 அங்குல மழை கொட்டியது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. நீர் மூடிய வீதியில் வாகனத்தைச் செலுத்த வேண்டாம், திரும்பிப் போங்கள். பாஸ்போட், குடிவரவு ஆவணங்கள் ஆகியவற்றை நிலக்கீழ் அறையின் தரையில் வைக்காதீர்கள்.

புகை: கனடாவின் காட்டுத்தீப் புகை காற்றோடு அங்கே வருவதுண்டு. 2023 யூன் கடைசியில் சிக்காகோப் பகுதி முழுவதும் புகையால் மூடப்பட்டது. காற்றின் தரத்தைக் காட்டும் எண் 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர்களும், 150ஐத் தாண்டினால் எல்லோரும் வெளியே இருப்பதைக் குறைக்கவேண்டும்.

நுளம்பும் உண்ணியும்: மாலையில் நீளக்கைச் சட்டை அணியுங்கள். புல்வெளியில் விளையாடிய பிள்ளைகளின் காலையும் தலையையும் உண்ணி இருக்கின்றதா என்று பாருங்கள்.

10. குடும்பமாகச் செய்யும் பயிற்சி

புறப்படுமுன் கீழுள்ளவற்றை வாசித்து, போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் நிரப்புங்கள். தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

• எங்கள் கவுண்டியின் பெயர்: ................
• டொர்னாடோ வோர்னிங் வந்தால் நாங்கள் போகும் இடம்: ................
• கடும் வெப்பத்தில் நாங்கள் போகும் நூலகம் அல்லது உறவினர் வீடு: ................
• வெப்ப நாட்களில் காலையும் மாலையும் நாங்கள் சென்று பார்க்கும் அயலவர்: ................
• எங்களைப் பார்க்க வரும் அயலவர்: ................

கடைசி இரண்டு வரிகளையும் வெறுமையாக விடாதீர்கள். 'ஆர் யூ ஓகே?' என்று கேட்கும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தால் போதும்; அயலவரின் கதவைத் தட்டலாம்.

உங்களை நீங்களே சோதியுங்கள்

1. எதிர்வுகூறலில் 95 என்று சொன்னால் செல்சியஸில் எவ்வளவு?
2. 'டொர்னாடோ வோச்' அறிவிக்கப்பட்டுள்ளது. உடனே நிலக்கீழ் அறைக்குப் போகவேண்டுமா?
3. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. மாதத்தின் முதலாவது வாரம். வானம் தெளிவு. சைரன் ஒலிக்கின்றது. என்ன செய்வீர்கள்?
4. கடும் வெப்பம் வரப்போகின்றது. தொலைபேசி அலறும்வரை காத்திருக்கலாமா?

விடைகள்: 1) 35 பாகை. 2) இல்லை, ஆயத்தமாக இருந்து கவனிக்கவேண்டும். 'வோர்னிங்' வந்ததும் போகவேண்டும். 3) அது பரீட்சார்த்த ஒலி, வீட்டிலுள்ள முதியவர்களிடமும் பிள்ளைகளிடமும் அதைச் சொல்வோம். அந்நேரம் வானம் இருண்டு புயல் சூழ்ந்திருந்தால் மட்டும் உண்மையான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வோம். 4) கூடாது, ஒவ்வொரு நாளும் காலையில் எதிர்வுகூறலை நாமே பார்க்கவேண்டும்.